கண்ணி விட்டால் கதை

பூட்டுக்காரர் மதியம் இரண்டு மணிக்குக் கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே என்ன செய்கிறார் என்ற கேள்வி எங்கள் தெருவில் ஏழு வாரம் ஓடியது. வேலைவெட்டி இல்லாத தெரு என்று நினைத்துவிடக் கூடாது. எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை இருந்தது. ஆனாலும் முப்பத்தைந்து வருஷமாகச் சாப்பாட்டுக்குக்கூடக் கடையைச் சாத்தாத மனிதர் திடீரென்று ஷட்டரை இறக்கினால், அதன் அடியில் தெரிகிற ஒரு முழ வெளிச்சத்தில் அவருடைய இரண்டு பாதமும் ஜோடியாக அசையாமல் இருந்தால், மனிதர்கள் என்னதான் செய்வார்கள்? குனிந்து பார்க்கத்தான் செய்வார்கள். குனிந்தவர்களுக்குப் பாதம் மட்டுமே தெரிந்தது.

"தூங்குறாரு. வயசாகுதுல்ல" என்றார் எதிர்க்கடை சைக்கிள்காரர்.

"தூங்குற மனுஷனுக்குக் கட்டைவிரல் மட்டும் எண்ணிக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டாள் லாண்டரிக்காரம்மா. அவள் குனிந்தது இரண்டு தடவை. ஒப்புக்கொண்டது ஒரு தடவை.

பதில் தெரிந்தவள் ஒருத்திதான். அவர் மனைவி. அவளிடம் கேட்கிற துணிச்சல் யாருக்கும் கிடையாது. ஏனென்றால் அவள் ஸ்கேலக்கா.

அந்தப் பெயர் வந்தது லாண்டரி மாடியில். புதன்கிழமை மூன்று மணியானால் அங்கே பின்னல் கூட்டம். பதினாலு படி, மூன்றாவது படி ஆடும். மேலே ஒரே நீள அறை. கீழே பாய்லர் ஓடுவதால் எந்தக் குளிருக்கும் தரை வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு பக்கம் யாரும் வந்து வாங்கிப் போகாத கோட்டுகள் வரிசையாகத் தொங்கும், ஆளில்லாத கல்யாண வீட்டு விருந்தாளிகள் மாதிரி. நடுவில் இஸ்திரி மேஜை. சுற்றிலும் ஒன்றோடொன்று சேராத ஆறு நாற்காலி. மூலையில் ஏதோ மூடிப்போன ஆபீசிலிருந்து வாங்கிய சாம்பல் நிற இரும்பு பீரோ. கம்பளி நூல், ஊசி, முடிந்த சதுரங்கள் எல்லாம் அதற்குள்.

ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டுக்கு அந்தக் கூட்டம் வருஷா வருஷம் போர்வை பின்னிக் கொடுக்கும். ஆளுக்குச் சில சதுரம். நாற்பது கண்ணி, எண்பது வரிசை, இருபது சென்டிமீட்டர். ஊசியில் ஏறுகிற ஒவ்வொரு சுருக்கும் ஒரு கண்ணி. எல்லாச் சதுரமும் சேர்ந்ததும் லாண்டரிக்காரம்மா ஆவி இஸ்திரி போடுவாள், நூல் தளர்ந்து, பூத்து, சதுரம் சமமாக விரியும், பிறகு இணைப்பார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு சதுரமும் ஸ்கேலக்காவின் கையைத் தாண்டியாக வேண்டும். கைக்குட்டையில் சுற்றிவைத்த ஒரு எஃகு ஸ்கேலை எடுத்து நாலு பக்கமும் வைப்பாள். ஒரு கோடு கூடினாலும் முகத்தில் சிரிப்பு இருக்காது. குறைந்தால் சுத்தமாக இருக்காது.

அந்த மாடிக்கு இன்னொரு விதி உண்டு. கண்ணி விட்டால் கதை.

கை தானாகத் தப்பாது, மனசு வேறெங்கோ போனால்தான் தப்பும் என்பது அவர்கள் சித்தாந்தம். ஆகவே தப்பான சதுரத்தை எல்லோர் முன்னாலும் அவிழ்க்க வேண்டும். நூல் ஓடி முடிகிற வரைக்கும், போட்டவள் அந்த நேரத்தில் மனசு எங்கே போயிருந்தது என்று சொல்ல வேண்டும். இப்படித்தான் லாண்டரிக்காரம்மா தன் நாத்தனாரோடு பேசாமல் போனது ஏன் என்பது வெளியே வந்தது. இப்படித்தான் கணக்கு டீச்சர், ரிடையரான மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்துபோய்விட்டு கேட்டிலிருந்து திரும்பியதைச் சொன்னார். பேங்கில் வேலை செய்கிற பெண்ணின் காதல் இரண்டு சதுரம் ஓடியது. அது முறிந்தது ஒன்றரைச் சதுரம். அந்தப் பெண் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. இன்னும் அவள் பெயர் 'புதுசு'தான். ஏனென்றால் அவளுக்குப் பிறகு யாரும் சேரவில்லை. மாடியில் சொன்னது படி இறங்கக் கூடாது என்றும் ஒரு துணைவிதி இருந்தது. அது படி இறங்காமல் ஜன்னல் வழியாக வந்துவிட்டால் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

இந்த இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கதை சொல்லாதவள் ஸ்கேலக்கா. அவள் கண்ணி விட்டதே இல்லை. எல்லோர் வீட்டு அடுப்படி வரைக்கும் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு வாசல்மிதி என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. இதில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது என்றால், அது மனித சுபாவம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஸ்கேலக்கா கையிலிருந்து டீக்கோப்பை நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. அவள் தன் வலது கையைப் பார்த்தாள். விரல்கள், தட்டில் கொட்டிய மீன் மாதிரி, அவளைக் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தன. பேப்பர் படித்துக்கொண்டிருந்த பூட்டுக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"அந்தக் கப்போட காது லூசு. நேத்தே பாத்தேன்."

டாக்டர், நரம்பு சம்பந்தப்பட்டது என்றார். மாத்திரையில் மட்டுப்படும், முழுக்கப் போகாது என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் தூறல். இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்தார்கள். குடையைப் பூட்டுக்காரர்தான் பிடித்திருந்தார்.

"வர்ற புதன்கிழமையிலேர்ந்து நான் போகலைங்க" என்றாள் அவள், வீட்டு வாசலில் வந்து.

"ஏன்? காலா நடுங்குது?"

"விளையாடாதீங்க. பேக்கரி அக்காவ மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேக்கரி அக்காவுக்கு விரல் கணு வீங்கி, சதுரம் கோணலாக வர ஆரம்பித்தது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த ஸ்கேலக்கா, 'போதும்க்கா. வீட்ல ரெஸ்ட் எடுங்க' என்று சொல்லி, ஒரு சால்வை போர்த்தி, எல்லோரையும் கைதட்ட வைத்து அனுப்பிவிட்டாள். பேக்கரி அக்கா சால்வையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு பதினாலு படி இறங்கினாள். அன்றைக்கு ஸ்கேலக்கா தான் ஒரு நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தாள்.

"எனக்கும் ஒரு சால்வை போத்துவாங்க. கை தட்டுவாங்க. அப்புறம் நான் இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து எதிர்வீட்டுப் பூனைய எண்ணிக்கிட்டு இருக்கணும்."

பூட்டுக்காரர் குடையை மடக்கி, உதறி, ஆணியில் மாட்டினார். அந்த மனிதர் எந்தப் பூட்டையும் உடைத்ததில்லை. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார், அதன் கஷ்டம் என்ன என்று கேட்பவர் மாதிரி.

"உன் பங்கு எத்தனை சதுரம்?"

"ஒன்பது. ஏன்?"

"எனக்குச் சொல்லிக் குடு. நான் போடறேன். நீ எடுத்துட்டுப் போ."

ஸ்கேலக்கா சிரித்துவிட்டாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளில் சிரிக்க முடியும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "நீங்களா? ஊசியில நூல் கோக்கச் சொன்னாலே ஊசி சைஸ் தப்புன்னு சண்டை போடுவீங்க."

"எட்டு லீவர் பூட்ட கண்ணை மூடிட்டுத் திறப்பேன். இது என்ன, ரெண்டு குச்சி, ஒரு கயிறு."

சாப்பாட்டு மேஜையில் அவள் ஒரு பக்கம், அவர் எதிர்ப் பக்கம். "பக்கத்துல வந்து உக்காருங்க" என்று அவள் சொன்னாள். "வேணாம், இங்க வெளிச்சம் நல்லாருக்கு" என்றார் அவர். அந்தப் பக்கம் வெளிச்சமே கிடையாது. அவள் மாத்திரை வேலை செய்கிற ஒரு மணி நேரத்தில் மெதுவாகக் கண்ணி போட்டுக் காட்டுவாள். அவர் பார்ப்பார், போடுவார், பிரிப்பார், போடுவார். பட்டாணி சூப் ஆறி ஏடு கட்டும். நாலே நாளில் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மதியத்தில் கடை ஷட்டர் முக்கால்வாசி இறங்க ஆரம்பித்தது. கண்ணி எண்ணிக் கட்டைவிரலும் ஆட ஆரம்பித்தது.

முதல் சதுரம் முடிந்த அன்று அவர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். மேஜைமேல் அதை விரித்து, பையிலிருந்து சாவிப்பல் அளக்கிற வெர்னியரை எடுத்து, நாலு பக்கமும் வைத்துக் காட்டினார்.

"பாரு. இருபது. இருபது. இருபது. இருபது. மயிரிழை பிசகல. உன் ஸ்கேலுக்கு இவ்வளவு துல்லியம் வராது."

ஸ்கேலக்கா சதுரத்தைக் கையில் எடுத்தாள். லேசாக இழுத்தாள். விரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணி என்றால் இரண்டு காலையும் நேராக ஊன்றி நிற்க வேண்டும். இதில் ஒவ்வொன்றும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. எதிரே உட்கார்ந்து பார்த்ததால் அவள் நூலைச் சுற்றின பக்கம் அவருக்கு மறுபக்கமாகத் தெரிந்திருக்கிறது; கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவினால் வகிடு மாறுகிற மாதிரி. முதல் கண்ணியிலிருந்து கடைசிக் கண்ணி வரை, ஒன்றுவிடாமல், அத்தனையும் தப்பு.

வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் அந்த நிமிஷமே நுனியைப் பிடித்து இழுத்திருப்பாள்.

"எப்படி?" என்றார் பூட்டுக்காரர். கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அளவு சரியா இருக்கு" என்றாள் ஸ்கேலக்கா. அது பொய் இல்லை. ஆனால் இருபது வருஷத்தில் அவள் சொன்னதிலேயே பெரிய பொய்யும் அதுதான்.

ஒன்பது சதுரமும் அப்படியே வந்தன. வெர்னியர் சுத்தம், கண்ணி எல்லாம் கால்மேல் கால். அவள் புதன்கிழமைகளில் எல்லோருக்கும் முன்னால் போய், தன் சதுரத்தைத் தானே அளந்து, பீரோவில் அடுக்கின் அடியில் செருகிவிடுவாள். அளக்கிற ஆளை யார் அளப்பது? கூட்டத்தில் ஊசியை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சதுரத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் சோதிப்பாள். வலது கையை ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்துக்கொள்வாள். "குளிருதாக்கா?" என்று கூட்டத்திலிருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டால், "ஆமா" என்பாள். காலடியில் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும்.

அடுக்கு நிறைந்தது. லாண்டரிக்காரம்மா மொத்தச் சதுரங்களையும் எடுத்துக்கொண்டு ஆவி இஸ்திரிக்கு உட்கார்ந்தாள். அங்கேதான் வந்தது வினை.

முப்பது வருஷமாகத் துணியோடு வாழ்கிறவள் அவள். எந்தத் துணி எந்தச் சூட்டுக்கு வழிக்கு வரும் என்று அவள் கைக்குத் தெரியும். மற்ற சதுரமெல்லாம் ஆவி பட்டதும் பெருமூச்சு விட்டுத் தளர்ந்தன. ஒன்பது மட்டும் முறைத்துக்கொண்டு கிடந்தன. இரண்டு தடவை ஆவி காட்டினாள். மூன்று தடவை காட்டினாள். "என் இஸ்திரிக்கு அடங்காத துணியா?" என்று அவளுக்கு அது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்பதையும் தனியாக எடுத்துவைத்தாள். புதன்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாள் அவள் வாயைக் கட்டிவைத்திருந்ததை எங்கள் தெரு இன்னும் ஆச்சரியமாகப் பேசுகிறது.

இதற்கிடையில் புதுசு பீரோப் பூட்டில் சாவியைத் திருகி, சாவியின் பாதியை உள்ளேயே விட்டுவிட்டாள். லாண்டரிக்காரம்மா ஸ்கேலக்காவிடம் சொல்லாமல் நேராகக் கடைக்கே போய்ப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் புதன்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கருவிப் பெட்டியோடு படியேறினார். உடைந்த சாவி எடுக்க எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று சைக்கிள்காரர் கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? மனிதர் தன் சதுரங்கள் மற்ற சதுரங்களோடு சபையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் போனார்.

மாடியில் அவரைப் பார்த்ததும் ஸ்கேலக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

"நீங்க எங்க இங்க?"

"பீரோ" என்றார் அவர், எதுவும் தெரியாத ஆள் மாதிரி. மூலையில் போய் முட்டி போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பூட்டைப் பார்க்க ஆரம்பித்தார். காது மட்டும் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

லாண்டரிக்காரம்மா இஸ்திரி மேஜைமேல் ஒன்பது சதுரத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தாள்.

"இது யாரோடது?"

டீச்சர் ஒன்றை எடுத்து இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். "ஐயையோ. ஒவ்வொரு கண்ணியும் முறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கு. ஒண்ணுகூட நேர் கிடையாது. இத எப்படி ஒருத்தி கடைசி வரைக்கும் கண்டுபிடிக்காம போட்டா?"

மூலையில் ஸ்க்ரூடிரைவர் நின்றது.

"அளவு மட்டும் பாருங்க டீச்சர், அச்சு அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் லாண்டரிக்காரம்மா. "நான் மொதல்ல மெஷினோன்னு நெனச்சேன். மெஷின்னா இவ்வளவு முட்டாள்தனமா போடாது."

"எத்தனை கண்ணிப்பா தப்பு?" என்றாள் நர்ஸ்.

டீச்சருக்குக் காகிதம் தேவையில்லை. "ஒண்ணுக்கு மூவாயிரத்து இருநூறு. ஒன்பதுக்கு இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு."

"அம்மாடி! இருபத்தெட்டாயிரம் தப்ப ஒரே ஆளு எப்படிப் பண்ண முடியும்?"

எல்லோர் பார்வையும் வழக்கம்போலப் புதுசு பக்கம் திரும்பியது.

"நான் இல்ல!" என்றாள் புதுசு. "சத்தியமா நான் இல்லக்கா. என்னோடது அஞ்சு. எல்லாம் அக்கா அளந்து வாங்கினது."

"போன வருஷமும் இப்படித்தான் இல்லன்ன. அப்புறம் பாத்தா பேங்க்ல உக்காந்து மேஜைக்கு அடியில போட்டது" என்றார் டீச்சர்.

"அது போன வருஷம்!"

"சாவிய ஒடைச்சது யாரு?"

"சாவி வேற, இது வேற டீச்சர்!"

"கவனம் இல்லன்னா எல்லாம் ஒண்ணுதான்மா. சரி, எடு. நுனியப் பிடி. என்னன்னு சொல்லு. புதுசா எவனாவதா?"

புதுசின் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. ஸ்கேலக்கா அவளைப் பார்த்தாள். சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். அந்தப் பெண் இரண்டு நாள் அழுவாள், மூன்றாம் நாள் மறந்துவிடுவாள். ஸ்கேலக்காவின் நாற்காலி ஜன்னலோரத்திலேயே இருக்கும். கண்முன்னே சுவரைப் பிடித்து இறங்குகிற பேக்கரி அக்காவின் முதுகு வந்து போனது.

"அவள விடுங்க" என்றாள். "அது என்னோடது."

தொங்குகிற கோட்டுகள்கூடத் திரும்பிப் பார்த்தமாதிரி இருந்தது.

"உங்களோடதா?" டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இருபது வருஷமாகப் பரீட்சை எழுதியவருக்குத் திடீரென்று பேப்பர் திருத்துகிற வாய்ப்பு கிடைத்த மாதிரி. "அப்படின்னா... கண்ணி விட்டா கதை. சொல்லுங்கக்கா. மனசு எங்க போச்சு?"

"ஒண்ணுமில்ல. ஏதோ... ஞாபக மறதி."

"இருபத்தெட்டாயிரம் தடவையா? நான் என் பள்ளிக்கூட கேட் வரைக்கும் சொன்னேன்."

"நான் என் நாத்தனார் கதைய முழுசா சொன்னேன்" என்றாள் லாண்டரிக்காரம்மா. "அவ வீட்டுக்காரன் பத்திக்கூடச் சொன்னேன்."

ஸ்கேலக்கா இடது கையால் தன் ஸ்கேலைக் கைக்குட்டைபோட்டு மூடினாள். பாக்கெட்டில் இருந்த கை ஆடுவது ஸ்வெட்டருக்கு வெளியிலேயே தெரிந்தது.

மூலையில் ஏதோ கருவி தரையில் விழுந்தது. பூட்டுக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அவ போட்டதில்ல. நான் போட்டது."

புதுசு மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"அந்த முட்டாள் நான்தான்" என்றார் அவர், லாண்டரிக்காரம்மாவைப் பார்த்து. பிறகு மேஜைக்கு வந்து ஒரு சதுரத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து வெர்னியரைக்கூட எடுத்துவிட்டார். எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "எல்லாமேவா தப்பு?"

"எல்லாமேதான் அண்ணா" என்றார் டீச்சர். குரலில் இருந்த சாக்பீஸ் போய்விட்டது.

அவர் மனைவியிடம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மொதல் சதுரத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல? ஊரு முழுக்க அவிழ்த்தியே. என்னோடத மட்டும் ஏன் விட்ட?"

"வெர்னியர வெச்சுக்கிட்டு வந்து நின்னீங்களே. உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது" என்றாள் ஸ்கேலக்கா. "அத அவிழ்க்க எனக்குக் கை வரல."

சொல்லிவிட்டு வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து இஸ்திரி மேஜைமேல் வைத்தாள். ஆடியது. எல்லோரும் பார்த்தார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"எனக்கு ஆறு வாரமா தெரியும்க்கா" என்றாள் நர்ஸ், மெதுவாக. "நீங்களா சொல்லணும்னு இருந்தேன். குளிருதா குளிருதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேனே."

லாண்டரிக்காரம்மா பிளாஸ்கைத் திறந்து மூடினாள். கடைசியில் புதுசுதான் தொண்டையைக் கனைத்தாள். அந்த மாடி விதியின் கசப்பை அதிகம் குடித்தவள் அவள்தானே.

"அங்கிள்... தப்பா எடுத்துக்காதீங்க. யார் போட்ட கண்ணியோ அவங்க கதை சொல்லணும்."

"சும்மா இருடி" என்றாள் லாண்டரிக்காரம்மா.

"இல்ல, கேக்கட்டும்" என்றார் பூட்டுக்காரர். "என்ன கதை?"

"போடறப்போ மனசு எங்க இருந்துச்சுன்னு."

அவர் யோசித்தார். பத்து நிமிஷம் பூட்டைப் பார்க்கிற மனிதர், யாரும் அவசரப்படுத்தவில்லை.

"எதிர்ல உக்காந்து கத்துக்கிட்டேன். அதான் திரும்பிப் போச்சு. இவ பக்கத்துல வந்து உக்காரச் சொன்னா. நான்தான் மாட்டேன்னேன்." சதுரத்தின் ஓரத்தைத் தடவினார். "பக்கத்துல உக்காந்தா இவ கை தெரியும். எதிர்ல உக்காந்தா முகம் தெரியும். நான் முகத்தப் பாத்துக்கிட்டே கத்துக்கிட்டேன். கடையில போடறப்பவும் அதுதான் ஞாபகத்துல இருந்துச்சு. வேற எங்கயும் போகல."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் எதையோ ரொம்பக் கவனமாக எண்ணினார். லாண்டரிக்காரம்மா மூக்கைச் சிந்தினாள், யாரோ விட்டுப்போன கோட்டின் கையில். "இருக்கட்டும்பா" என்றாள். "இந்த ஒன்பதும் இப்படியே இருக்கட்டும். குழந்தைங்களுக்குத் தெரியவா போகுது?"

"ஆமா. சூடா இருந்தா சரி" என்றாள் நர்ஸ்.

"கூடாது" என்றாள் ஸ்கேலக்கா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பழைய குரல் திரும்பி வந்திருந்தது.

"இழுத்தா விரியாத சதுரம் போர்வையில இருந்தா பக்கத்துச் சதுரம் கிழியும். பேக்கரி அக்காவுக்கு நான் விட்டேனா? என் புருஷன்னா விட்டுடுவேனா? அவிழ்க்கணும்." ஒரு நிமிஷம் நிறுத்தினாள். "அப்புறம், நாளைக்குக் காலையில நான் பேக்கரி அக்கா வீட்டுக்குப் போறேன். யாராவது கூட வர்றீங்களா? தனியா போக வெக்கமா இருக்கு."

"நான் வர்றேன்" என்றார் டீச்சர், ஜன்னலைப் பார்த்தபடியே.

ஸ்கேலக்கா முதல் சதுரத்தின் நுனியை வலது கையால் பிடித்தாள். அவிழ்ப்பதற்கு உறுதியான கை வேண்டியதில்லை. நடுங்குகிற கை இழுக்க இழுக்க, கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கால் பிரித்து எழுந்து வந்தன. எதிரே நின்ற கணவனைப் பார்த்தாள்.

"பந்து சுத்துங்க. அங்க இல்ல. இங்க, பக்கத்துல வாங்க."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பீரோ அன்றைக்குத் திறக்கவேயில்லை. எட்டு லீவர் பூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்பவருக்கு அதைத் திறக்க மறுநாள் மறுபடி வர வேண்டியிருந்தது என்பதைத் தெரு குறித்துவைத்துக்கொண்டது.

அடுத்த புதன்கிழமை மாடியில் ஏழு நாற்காலி. பேக்கரி அக்கா சூடான ரொட்டியோடு வந்து, "சால்வைய திருப்பித் தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வீங்கின கணுவுக்கு நூல் பந்து சுற்றுவது ஒத்துக்கொண்டது. பூட்டுக்காரர் ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டிவிட்டு, எல்லோர் கண்ணும் பார்க்க வந்திருந்தார். அவரை என்னவென்று கூப்பிடுவது என்று ஐந்து நிமிஷம் விவாதம் நடந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் பேங்க் பெண், மூன்று வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த நிம்மதியோடு. "இனிமே அங்கிள்தான் புதுசு."

புதுசு தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணிக்கும், "இந்தப் பக்கமா? இந்தப் பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே போட்டார். அவரைத் திருத்தித் திருத்திக் களைத்துப்போன ஸ்கேலக்கா, "குடுங்க இப்படி" என்று ஊசியை வாங்கினாள்.

வாங்கினதற்கு அப்புறம்தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை. மாத்திரை வேலை செய்கிற நேரமும் இல்லை அது. ஒரு கண்ணி. இரண்டு. மூன்று. ஊசி முனைகள் ஒன்றோடொன்று மோதிப் பல் தந்தியடிக்கிற சத்தம். நாலு. ஐந்து. ஆறு. ஏழாவது கண்ணி ஊசியிலிருந்து நழுவி, கீழே ஒரு வரிசை, இன்னொரு வரிசை என்று இறங்கிக்கொண்டே போனது.

யாரும் கதை கேட்கவில்லை. டீச்சர் மட்டும் தன் பின்னலை மடித்து மடியில் வைத்தார். பேங்க் பெண் வைத்தாள். நர்ஸ் வைத்தாள். லாண்டரிக்காரம்மா எழுந்துபோய் இஸ்திரி ஸ்விட்சை அணைத்தாள். ஆவிச் சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாது. வருகிற வழியில் ஜன்னலையும் சாத்திவிட்டாள். அது எங்கள் தெருவுக்குச் செய்த துரோகம். இருந்தாலும் சரியாகச் சாத்தவில்லை.

ஸ்கேலக்கா நுனியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

"மழை நேரம். காலையில ஒரு கப்பு விழுந்துச்சு" என்றாள். "இவர் பேப்பர்லேர்ந்து தலைகூட எடுக்கல. காது லூசுன்னு சொன்னார்."

"லூசுதான்" என்றார் புதுசு. "நேத்தே பாத்..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் ஸ்கேலக்கா. "என் கண்ணி. என் கதை."